பீங்கான் ஏற்றித் திரும்பும் பழைய மாருதி

சென்னையிலிருந்து விருத்தாசலத்துக்குச் சாலை வழியே சுமார் 220 கிலோமீட்டர். செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டை வரை திருச்சி நெடுஞ்சாலை. அங்கே அதை விட்டிறங்கி மங்கலம்பேட்டை வழியே தெற்கே போனால் மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில். ரயிலில் வருபவர்களுக்கு இது விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் சேலத்துக்கும் கடலூருக்கும் பாதை பிரியும் சந்திப்பு. பொருள் வாங்க வருபவர்களுக்கு இது பீங்கான் ஊர்: செராமிக் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்லூரியும், கொலு பொம்மையும் அகல் விளக்கும் மின் ஃப்யூஸ் கட்டையும் சூளையிலிருந்து இறங்கும் கூடங்களும் உள்ள இடம். பழைய சிறு கார் ஒன்றுக்கு இதைவிட நல்ல தேர்வுக்களம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. போகும்போது வண்டி காலி, திரும்பும்போது பாரம். பாதிப் பயணம் வேகச் சாலை, மீதி ஊர்ச்சாலை. ஏற்றும் சரக்கோ ஒரு நல்ல உதறலில் பல் இளிக்கும் சரக்கு. அதிர்வின் அடக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள ஷாக் அப்சார்பரைப் பழைய சிறு காருக்குப் போடலாமா என்ற கேள்விக்கு இந்தப் பாதை தெளிவான விடை தருகிறது. போடலாம். ஆனால் அதைப் போடுகிற பலர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. வண்டியை இறுக்கமாக்க அது வேண்டாம். எடை மாறும்போது அடக்கமும் மாற வேண்டியிருப்பதால் அது வேண்டும்.

மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1983 டிசம்பரில் முதல் வண்டி ஒப்படைக்கப்பட்டு, 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட கார் அது. இன்று சாலையில் ஓடும் எந்த 800-உம் பத்து வயதைக் கடந்தது. பெரும்பாலானவை பதினைந்தைக் கடந்து பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஓடுபவை. அதன் வெற்று எடை சுமார் 650 கிலோ. நான்கு பெரியவர்களும் கொஞ்சம் மூட்டையும் ஏறினால் 300 கிலோ கூடிவிடும், அதாவது தன் எடையில் கிட்டத்தட்ட பாதி. அதே நான்கு பேரும் அதே மூட்டையும் 1,600 கிலோ எடையுள்ள இன்றைய பெரிய காரில் ஏறினால் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. வண்டி எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்குப் பயணியே வண்டியின் பெரும்பகுதி ஆகிவிடுகிறார். ஆலையில் ஷாக் அப்சார்பரின் எதிர்ப்பைத் தீர்மானிக்கும் பொறியாளர் காலி வண்டிக்கும் நிறைந்த வண்டிக்கும் நடுவே ஏதோ ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து நிறுத்தியாக வேண்டும். பெரிய காரில் இந்த இரண்டும் அருகருகே இருப்பதால் அந்த நடு இடம் இரண்டுக்கும் ஒத்துப்போகிறது. சிறு காரில் இரண்டும் வெகுதூரம் விலகி நிற்பதால் நடு இடம் யாருக்கும் முழுதாகப் பொருந்துவதில்லை.

உளுந்தூர்பேட்டை வரையிலான நெடுஞ்சாலை வழவழப்பாகத் தோன்றும். ஆனால் பாலம் ஏறும் இடங்களிலும் சிறுபாலங்களின் இருபுறமும் மண் அமிழ்ந்து நீளமான அலைகள் உண்டாகியிருப்பதை 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உடல் உணரும். அந்த வேகத்தில் வண்டி நொடிக்கு 25 மீட்டர் கடக்கிறது. கார்களின் உடற்பகுதி ஸ்பிரிங்கின் மேல் இயல்பாக ஊசலாடும் வேகம் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை. அதை 1.25 என்று வைத்தால், 20 மீட்டர் நீளமுள்ள அலைகள் வரிசையாக வரும்போது சாலையின் தாளமும் வண்டியின் தாளமும் ஒன்றாகிவிடும். ஷாக் அப்சார்பர் தேய்ந்த வண்டி அப்போது ஒவ்வோர் அலைக்கும் முன்னதைவிட அதிகமாக எழும்பும். எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்கித் தள்ளி அந்த ஊசலின் சக்தியை வெப்பமாக மாற்றிக் கரைப்பதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. அடியைத் தாங்குவது ஸ்பிரிங்; அடி தாங்கிய பிறகு ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இராமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். வேகச் சாலையில் இந்த அடக்கம் தாராளமாக இருப்பது நல்லது. இதுவரை இறுக்கத்தை விரும்புவோர் பக்கமே நியாயம் இருக்கிறது.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் கணக்கு தலைகீழாகிறது. ஊருக்கு ஊர் வேகத்தடை, பள்ளிக்கூடம் வரும் முன் வெள்ளைப் பட்டைகள், தார் பெயர்ந்து ஒட்டுப்போட்ட விளிம்புகள். வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இலேயே வழிகாட்டி வெளியிட்டது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் உறுத்தாமல் கடக்கலாம். நம் ஊர்த்தெருக்களில் மக்களே கொட்டி எழுப்பும் மேடு இந்த அளவில் பாதி அகலம்கூட இருப்பதில்லை. அது வளைவாக இல்லாமல் சுவராக நிற்கிறது. வெள்ளைப் பட்டைகள் இன்னொரு வகை. அவை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இருப்பதாகக் கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினோரு அடி விழும். சக்கரமும் அச்சும் டயரின் மேல் துள்ளும் இயல்பான தாளம் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் நொடிக்கு ஐந்தரை அடி. மனித உடல் மேலும் கீழுமான அதிர்வை மிகக் கூர்மையாக உணர்வது நொடிக்கு நான்கு முதல் எட்டு முறை வரையிலான எல்லையில் என்பது அதிர்வு குறித்த பன்னாட்டுத் தர அளவுகளின் அடிப்படை. மெதுவாகப் போனால் சுகமாக இருக்கும் என்று பிரேக் போடுபவருக்கு வயிறு குலுங்குவதன் காரணம் இதுதான். இந்த இரண்டு தாளங்களிலும் மிகையான இறுக்கம் கேடு செய்கிறது. எண்ணெய் அவ்வளவு விரைவாகத் துளை வழியே போக மறுப்பதால் ஷாக் அப்சார்பர் ஒரு இரும்புத் தடிபோல நின்று அடியை நேராக உடற்பகுதிக்கு ஏற்றிவிடுகிறது.

இறுக்கினால் சாலையைப் பிடித்து ஓடும் என்பது பந்தயத் திடலிலிருந்து வந்த நம்பிக்கை. திருப்பெரும்புதூர்த் திடலிலும் கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் அது உண்மை. அங்கே தளம் சீரானது, ஓட்டுபவர் ஒருவரே, எடை மாறுவதில்லை. மங்கலம்பேட்டைச் சாலையில் அது உண்மையில்லை. சாலையைப் பிடிப்பது டயர். டயர் தரையில் இருந்தால்தான் பிடிக்கும். மேட்டில் ஏறிய சக்கரம் மறுபக்கம் இறங்கும்போது ஸ்பிரிங் அதைக் கீழே தள்ள வேண்டும். விரியும் பக்கத்து எதிர்ப்பு மிகையாக இருந்தால் ஸ்பிரிங்கால் உரிய நேரத்தில் தள்ள முடியாது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும். அடுத்தடுத்து மேடுகள் வந்தால் இன்னும் மோசம். ஒரு அடிக்குச் சுருங்கிய ஸ்பிரிங் முழுதாக விரியுமுன் அடுத்த அடி விழுகிறது, பிறகு இன்னொன்று. வண்டி படிப்படியாகக் கீழே அமுங்கி, கடைசியில் ரப்பர் தடுப்பில் இடிக்கிறது. பன்னிரண்டு அங்குலச் சக்கரங்கள் பள்ளத்தில் பெரிய சக்கரங்களைவிட ஆழமாக விழுவதால் மாருதி 800-க்கு இந்தத் தொல்லை கூடுதல். இறுக்கமான வண்டி தார்ச்சாலையின் வளைவில் நம்பிக்கை தருவதும், அதே வளைவில் பள்ளங்கள் இருந்தால் பின்பக்கம் பக்கவாட்டில் நழுவுவதும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

அப்படியானால் கூட்டிக் குறைக்கும் வசதி எதற்கு? அந்த வசதியை நெடுங்காலமாகச் செய்துவரும் டச்சு நிறுவனமான கோனி 1857-இல் குதிரை வண்டிச் சாமான்கள் செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. 1932 முதல் ஷாக் அப்சார்பர் செய்கிறது. அதன் பழைய வகைகளில் திருகு வெளியே தெரியாது. ஷாக் அப்சார்பரைக் கழற்றி, தண்டை அடிவரை அமுக்கி, உள்ளே இருக்கும் வால்வோடு பிணைய வைத்துத் திருப்ப வேண்டும். பிற்கால வகைகளில் தண்டின் உச்சியிலேயே திருகு வந்துவிட்டது. இரண்டிலும் பெரும்பாலும் மாறுவது ஸ்பிரிங் விரியும் பக்கத்து எதிர்ப்பு மட்டும். சுருங்கும் பக்கம் தொடப்படாமல் இளக்கமாகவே இருக்கும். நம் சாலைக்கு இந்த ஏற்பாடு மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. மேட்டில் இடிக்கும்போது வரும் கடுமை கூடாமலே, இடித்த பிறகான ஆட்டத்தை மட்டும் அடக்க முடிகிறது. கழற்றித்தான் திருப்ப வேண்டும் என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். தினமும் திருப்ப நினைப்பவருக்கு அது குறையே. ஆனால் ஆண்டுகள் போகப்போக வால்வும் முத்திரையும் தேய்ந்து அடக்கம் குறையும்போது கால் சுற்று, அரைச் சுற்று கூட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம் என்பதே அந்த ஏற்பாட்டின் முதன்மையான பயன். சாதாரண ஷாக் அப்சார்பர் தேய்ந்தால் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.

விருத்தாசலத்தில் ஏறும் சரக்கு இந்த வாதத்துக்கு ஒரு கூர்மை தருகிறது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் வெண்களிமண் இந்த ஊருக்குப் பக்கத்திலேயே கிடைப்பதால்தான் பீங்கான் தொழில் இங்கே வேரூன்றியது. களிமண்ணும் படிகக்கல் பொடியும் ஃபெல்ட்ஸ்பாரும் கலந்து ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் வெந்த பொருள் அமுக்கினால் அசையாது. இழுத்தால், வளைத்தால் சட்டென்று விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்றின் முனையில் விசை குவிந்து, அந்தக் கீறல் திடீரென்று ஓடிவிடுவதே உடைப்பு என்று கண்ணாடியை வைத்து 1921-இல் விளக்கினார் ஆங்கிலப் பொறியாளர் ஏ.ஏ. கிரிஃபித். பொம்மையின் கை, கோப்பையின் பிடி, ஜாடியின் மூடி விளிம்பு ஆகியவையே முதலில் போவதும் இதனால்தான். அங்கேதான் மெல்லிய பகுதி பருத்த பகுதியோடு சேருகிறது. வைக்கோலும் காகிதமும் வைத்துக் கட்டுகிறவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். அவர்கள் கட்டு ஒரு பெரிய அடியைத் தாங்கும். ஆனால் இருநூறு கிலோமீட்டருக்கு ஓயாமல் வரும் சிறு துள்ளல் வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அமர வைத்து, கோப்பைக்கும் கோப்பைக்கும் இடையே இருந்த மெத்தையை விலக்கிவிடும். பிறகு சாதாரண வேகத்தடையே போதும். பாரலாரியின் பட்டை ஸ்பிரிங்கில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசி ஒட்டிக்கொள்வதால் சிறு மேடுகளுக்கு ஸ்பிரிங் அசைவதே இல்லை. அந்த நடுக்கம் முழுதும் சரக்குக்குப் போகிறது. மிகையாக இறுக்கிய ஷாக் அப்சார்பர் பூட்டிய கார் இந்த வகையில் லாரியைப் போலவே நடந்துகொள்ளும். அடக்கமே இல்லாத கார் சரக்கை ஊஞ்சலாட்டும். பீங்கானுக்கு இரண்டும் ஆகாது.

பாரம் ஏறியதும் என்ன ஆகிறது என்பதற்கு 1930-களின் தொடக்கத்தில் நடந்த ஒரு வேலை வழிகாட்டுகிறது. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்துக்குப் போன மாரிஸ் ஆலி, எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு சோதனைக் காரைக் கட்டினார். மனிதர்களை அதில் உட்கார வைத்து எந்த அமைப்பு சுகம் என்று கேட்டுக் கேட்டு அவர் கண்டது இது: முன்பக்க ஊசலைவிடப் பின்பக்க ஊசல் கொஞ்சம் விரைவாக இருக்க வேண்டும். மேடு முதலில் முன்சக்கரத்தைத் தூக்குகிறது, சற்றுப் பிந்திப் பின்சக்கரத்தை. பின்பக்கம் விரைவாக ஆடினால்தான் அந்தத் தாமதத்தை ஈடுகட்டி இரண்டு முனைகளும் சேர்ந்து இறங்கும். இல்லையென்றால் வண்டி தலையாட்டும். மாருதி 800-இல் இரு அச்சுகளுக்கு இடையே 2,175 மில்லிமீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்சக்கரம் 0.13 நொடி பிந்தி அதே மேட்டில் ஏறுகிறது. முன்பக்க ஊசல் நொடிக்கு 1.2, பின்பக்கம் 1.5 என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முன்பக்கம் ஓர் ஆட்டத்தை 0.83 நொடியில் முடிக்கும். பின்பக்கம், தாமதத்தையும் சேர்த்து, 0.80 நொடியில் முடிக்கும். கிட்டத்தட்ட ஒன்றாக. இனி பின்சீட்டில் இருவரும் பின்னால் 60, 70 கிலோ பீங்கானும் ஏறட்டும். காலி வண்டியில் பின் ஸ்பிரிங்குகள் தாங்குவது சுமார் 200 கிலோ என்றால், அது இப்போது 400. எடை இரட்டித்தால் ஊசலின் வேகம் 1.5-இலிருந்து 1.06 ஆகிறது, ஓர் ஆட்டத்துக்குத் தாமதத்தோடு சேர்த்து 1.07 நொடி. முன்பக்கம் எப்போதோ முடித்துவிட்டது. பின்பக்கம் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆலி கண்ட ஒழுங்கு, வண்டிக்கு அது மிகவும் வேண்டியிருக்கும் நேரத்தில் கைவிட்டுப் போகிறது.

இந்த இடத்தில்தான் ஷாக் அப்சார்பரின் பொறுப்பு கூடுகிறது. அதன் திறனோ குறைகிறது. ஊசலை முற்றாக நிறுத்தத் தேவையான எதிர்ப்பில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதே அடக்கத்தின் அளவு. பயணக் கார்களுக்கு இது பொதுவாக ஐந்தில் ஒன்று முதல் ஐந்தில் இரண்டு வரை. எடை இரட்டித்தால், ஷாக் அப்சார்பர் மாறாமல் இருக்கையில், இந்தப் பங்கு 30 சதவீதம் விழும். பழைய நிலைக்கு வர எதிர்ப்பை 40 சதவீதம் கூட்டியாக வேண்டும். ஏற்கெனவே தேய்ந்த ஷாக் அப்சார்பர் என்றால் இந்தச் சரிவு அந்தத் தேய்மானத்தின் மேல் ஏறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் பாரலாரிகளின் அச்சுகள் சாலைக்கு உகந்தவைதானா என்று தீர்மானிக்க வைத்துள்ள விதி இதே அளவுகோலைத்தான் கையாளுகிறது: ஊசல் நொடிக்கு 2 முறைக்கு மேல் போகக் கூடாது, அடக்கம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், எண்ணெய் ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் அந்த அடக்கம் பாதிக்கு மேல் மிஞ்சக் கூடாது. கடைசி நிபந்தனை கவனிக்கத்தக்கது. உராய்வினால் வரும் அடக்கத்தை அந்த விதி நம்பவில்லை. அடக்கத்தில் குறைந்தது பாதியாவது எண்ணெயிலிருந்து வர வேண்டும் என்கிறது. துருவேறிய புஷ்களும் ஒட்டிக்கொள்ளும் தண்டும் தருகிற இறுக்கத்தைப் பார்த்து வண்டி கட்டுக்கோப்பாக இருப்பதாக மகிழ்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய விஷயம்.

புதிய சாதாரண ஷாக் அப்சார்பர் போட்டால் போதாதா என்பது வலுவான மறுப்பு. 1961-இல் தொடங்கப்பட்ட கேப்ரியல் இந்தியா போன்ற நிறுவனங்களின் சரக்கு எந்த ஊர் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். விலை சரிசெய்யும் வகையில் ஒரு சிறு பங்கு. நகரத்துக்குள் ஒருவர் இருவராகப் போய்வரும் வண்டிக்கு நானும் அதையே சொல்வேன். அந்த வண்டியின் எடை மாறுவதில்லை; மாறாத எடைக்கு மாறும் அடக்கம் வீண் செலவு. ஆனால் மாதம் சில முறை நிறைந்த பாரத்தோடு நெடுந்தூரம் போகும் வண்டிக்குப் புதிய சாதாரண ஷாக் அப்சார்பர், புதியதாக இருக்கும்போதே போதாமல்தான் இருக்கும். அது நடு இடத்துக்காகச் செய்யப்பட்டது. பணம் ஒரு முனைக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால் முதலில் பின்பக்கத்துக்கு வாங்க வேண்டும் என்பது என் முடிவு. வளைவில் முகம் காட்டுவது முன்பக்கம் என்பதால் பலர் அங்கே தொடங்குகிறார்கள். பாரம் ஏறுவதோ பின்னால். பின்பக்க ஷாக் அப்சார்பர் ஸ்டீயரிங்கோடு தொடர்பில்லாத தனி உருப்படி. இரண்டு போல்ட்டில் முழுதாக மாற்றிவிடலாம். உயரமும் நீட்சியும் புஷ் அளவும் பொருந்தினால் வேலை முடிந்தது.

முன்பக்கம் அப்படியில்லை. அங்கே இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சிறு காருக்காக ஏர்ல் மெக்பெர்சன் உருவாக்கி, பிறகு ஃபோர்டுக்குப் போய் 1950-இல் வந்த கான்சல், ஸெஃபிர் கார்களில் பரவலாக்கிய அமைப்பு. ஷாக் அப்சார்பரின் குழாயே சக்கரத்தைத் தாங்கும் தூணாகிறது; ஸ்பிரிங் அதன் மேல் உட்காருகிறது, சக்கரத்தைத் திருப்பும் அச்சும் அதுவே. உறுப்புகள் குறைவு என்பதால் சிறு கார்கள் எல்லாம் இதற்கு மாறின. இதன் விலை, தண்டின் மேல் பக்கவாட்டு விசையும் விழுவது. அதனால் தண்டைச் சுற்றிய புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து, தண்டு சிறு அசைவுகளுக்கு ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். உள்கார்ட்ரிட்ஜ் இங்கேதான் உதவுகிறது. வெளிக்குழாயும் அதில் பற்றவைத்த தாங்கிகளும் அப்படியே இருக்க, உள்ளே இருந்த எண்ணெய், வால்வு, தண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மூடி முத்திரையிட்ட ஒரு முழு ஷாக் அப்சார்பரை அந்தக் குழாய்க்குள் இறக்குகிறோம். சக்கரத்தின் கோணங்களைத் தீர்மானிக்கும் குழாய் ஆலையில் செய்த குழாயாகவே நீடிக்கிறது. புதிதாக வருவது தேய்ந்த பகுதி மட்டும்.

பழைய ஸ்ட்ரட்டுகள் இரண்டு வகை. ஒன்றில் குழாயின் உச்சியில் மரைபோட்ட பெரிய நட் இருக்கும், கழற்றினால் திறந்துகொள்ளும். மற்றதில் குழாயின் வாயை மடித்து நசுக்கி மூடியிருப்பார்கள், அறுத்தால்தான் திறக்கும். அறுத்து, லேத் பட்டறையில் மரை கடைந்த வளையம் செய்து, வெல்டிங் வைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. செய்ய முடியும்; நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டியின் முன்பாதி எடையும் பிரேக் பிடிக்கும்போது வரும் வளைவு விசையும் போகிற மெல்லிய குழாய் அது. பற்றவைத்த வெப்பத்தில் அது ஒரு மயிரிழை கோணினால் கார்ட்ரிட்ஜ் உள்ளே நெருக்கிப் பிடிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் அதைச் சோதித்துச் சொல்லும் வசதி தெருமுனைப் பட்டறையில் இல்லை. நசுக்கி மூடிய வகை இருந்தால் முன்பக்கத்துக்குப் புதிய சாதாரண ஸ்ட்ரட், பின்பக்கத்துக்குச் சரிசெய்யும் வகை என்பதே நல்ல ஏற்பாடு. நட் இருக்கும் வகை என்றால் குழாயின் உள்விட்டம், ஆழம், தண்டின் நீட்சி, உச்சி மரை நான்கும் பொருந்த வேண்டும். கார்ட்ரிட்ஜ் சற்றுக் குட்டையாக இருந்தால் அடியில் வளையம் வைத்து, நட் அதை அசையாமல் அழுத்திப் பிடிக்கும்படி செய்ய வேண்டும். ஒரு நூல் தளர்ந்தாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் டக் டக் என்று அடிக்கும். குழாய்க்கும் கார்ட்ரிட்ஜுக்கும் இடையே கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவது பழக்கம். எண்ணெய் இருந்தால் வெப்பம் வெளிக்குழாய்க்குக் கடந்து காற்றில் போகும், வெறும் காற்றிடை இருந்தால் போகாது. மே மாதத்து நெய்வேலிச் சாலையில் இந்தச் சிறு காரியம் பெரிய வேறுபாடு செய்யும், ஏனெனில் சூடேறிய எண்ணெய் இளகி அடக்கம் குறைகிறது.

கழற்றும்போது உயிருக்கே ஆபத்தான ஒரு கட்டம் உண்டு. ஸ்பிரிங்கை இருபக்கமும் கவ்வும் கம்ப்ரஸர் போட்டுச் சுருக்காமல் உச்சி நட்டைத் தளர்த்தக் கூடாது. சுருங்கிய ஸ்பிரிங் பாய்ந்தால் முகமும் கையும் தப்பாது. பளபளக்கும் தண்டைப் பிளையர் கொண்டு பிடிப்பது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. அந்தப் பல் பட்ட ஒவ்வொரு கீறலும் முத்திரையை அரம்போல அறுத்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் எண்ணெய் கசியும். ரப்பர் புஷ் வழியே போகும் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால், இறக்கியதும் புஷ் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். சக்கரங்கள் தரையில் ஊன்றிய பிறகே கடைசி முறுக்கு. இரண்டு பக்கமும் ஒரே நாளில் மாற்ற வேண்டும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட்.

இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கோளாறு உண்மையில் ஷாக் அப்சார்பரில்தானா? அது இந்த ஊரின் கதையோடு சேர்ந்தது. திருமுதுகுன்றம் என்ற பழைய பெயர் கொண்ட இந்த விருத்தாசலத்தில் பெற்ற பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது தலவரலாறு. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற வழக்கு அங்கிருந்து வந்தது. அவருக்கு அருள் துணை நின்றது. லோயர் ஆர்ம் புஷ்ஷில் இருக்கும் ஆட்டத்தை ஷாக் அப்சார்பரில் தேடுபவருக்கு அப்படிக் கிடைக்காது. பழைய காரில் கேட்கும் சத்தத்துக்கும் தள்ளாட்டத்துக்கும் பாதிக் காரணங்கள் வேறிடத்தில் இருக்கும்: வெடித்த ஸ்ட்ரட் மவுண்ட், தளர்ந்த ஸ்டீயரிங் ராக், அமிழ்ந்த ஸ்பிரிங், பக்கவாட்டில் இறுகிப்போன பழைய டயர். இவற்றைச் சரிசெய்யாமல் விலையுயர்ந்த கார்ட்ரிட்ஜ் போட்டால் எந்த நிலையில் வைத்தாலும் பதில் ஒரே மாதிரிதான் வரும். பம்பரை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனையும் இதில் ஏமாற்றும். ஒட்டிக்கொள்ளும் புஷ் அந்த மெதுவான ஆட்டத்தை அழகாக நிறுத்திக் காட்டும். சாலையின் வேகத்தில் அதுவே உதறும்.

சட்டம் இடம் கொடுக்குமா என்று கேட்பவர்கள் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சொல்கிறார்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் ஆலை குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாக உறுதிப்படுத்தியது. பதிவுச் சான்றில் ஷாக் அப்சார்பரைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. ஆலைக் குழாய்க்குள், ஆலை உயரத்திலேயே, தேய்ந்த உறுப்பை மாற்றுவது இந்த வகைத் திருத்தமாக எனக்குப் படவில்லை. ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துவது முற்றிலும் வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் செய்துகொள்பவர்கள் பலர். அதைச் சட்டத்தைவிடக் கடுமையாகவே மறுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வெட்டிய ஸ்பிரிங்கில் பயணத் தூரம் குறைந்துவிடுகிறது. பாரம் ஏறிய சிறு காருக்கு அந்தத் தூரம்தான் சொத்து. பதினைந்து ஆண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்கப் போகும் வண்டி சோதனைக்கு நிற்கும்போது கசியாத ஷாக் அப்சார்பரும் குறையாத உயரமும் அதற்குச் சாதகமானவையே.

பொருத்திய பிறகு அளவு பிடிக்க இந்த ஊரின் சாலையே வசதி. விருத்தாசலத்திலிருந்து மந்தாரக்குப்பம் வழியே நெய்வேலிப் பக்கம் போகும் கடலூர் சாலையில் சுரங்க லாரிகளின் போக்குவரத்து உண்டு. பாரலாரிகள் ஓடும் தடத்தில் தார் அலையலையாகத் தள்ளப்படுவது இயல்பு. தண்டில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டையைச் சுற்றிவிட்டால், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அது தள்ளப்பட்ட இடம் எவ்வளவு தூரம் சுருங்கியது என்று காட்டும். காலி வண்டியில் முற்றிலும் இளகிய நிலையில் தொடங்க வேண்டும். ஒரே நீளச் சாலையை ஒரே வேகத்தில் கடந்து, கால் சுற்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு மேட்டுக்குப் பின் உடற்பகுதி ஒருமுறை எழுந்து அடங்கினால் அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு கால் சுற்று கூட்டும்போது சிறு ஒட்டுகள் இருக்கையில் தெரியத் தொடங்கினால் அது எல்லை. ஒரு படி திரும்பி வருவதே சரி. பாரம் ஏற்றிய பிறகு பின்பக்கத்தை மட்டும் கூட்டிப் பார்க்க வேண்டும், முன்பக்கத்தைத் தொட வேண்டியதில்லை; 60-இல் தலையாட்டம் நின்றுவிட்டால் அதுவே பாரத்துக்கான நிலை. உச்சியில் திருகுள்ள வகை பூட்டியவர் தொழிற்பேட்டை வாசலிலேயே அதைத் திருப்பிக்கொள்ளலாம். கழற்றித் திருப்பும் வகை பூட்டியவருக்கு, பாரத்தோடு போகும் நாட்கள் பாதிக்கு மேல் என்றால் பார நிலையிலேயே விட்டுவிடுவதும், குறைவு என்றால் இரண்டுக்கும் நடுவே கால் சுற்று கூடுதலாக வைப்பதும் ஏற்றது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் குழாய் நட்டையும் உச்சி நட்டையும் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாக அமர்ந்த உறுப்புகள் அதற்குள் கொஞ்சம் இளகியிருக்கும்.